மணலிலிருந்து பளிங்குவரை

கல்முனைக் கரையோரத்தில் வெயிலுக்கும் மணலுக்கும் குறைவில்லை. மணலின் பெரும்பகுதி சிலிக்கனும் ஒட்சிசனும் கூடிய சேர்வையாகும். சூரிய கலத்தின் உடலும் சிலிக்கனே. எனினும், சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கூரைமேல் அமைந்த கலங்கள் யாவும் கடல் கடந்து வந்தவை. மூலப்பொருள் காலடியிற் கிடக்க, ஆக்கப்பொருள் அயல்நாட்டிலிருந்து வருவதேன்? தூய்மை, ஒழுங்கு என்னும் இரண்டுமே இதற்கு விடையாகும்.

முதலாவது தூய்மை. கடற்கரை மணலில் இரும்பு முதலிய கலப்புகள் மிகுதி. ஆதலின் தூய படிகக்கல்லே இத்தொழிலுக்கு ஏற்றது. அதனைக் கரியுடன் மின்னுலையில் உருக்கினால் ஒட்சிசன் நீங்கி, ஏறத்தாழ 98 சதவீதத் தூய்மையுள்ள சிலிக்கன் கிடைக்கும். அஃதும் போதாது. ஐதரசன் குளோரைட்டுடன் சேர்த்து ஆவியாகத்தக்க சேர்வையாக்கி, வடித்துப் பிரித்து, மீண்டுஞ் சிலிக்கனாகப் படியச் செய்வர். அப்போது எஞ்சும் மாசு பத்துலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு.

இரண்டாவது ஒழுங்கு. ஒளி பட்டதும் சிலிக்கனில் இலத்திரன்கள் விடுபடுகின்றன. அவை மின்வாயை அடைந்தாலன்றி மின்னோட்டம் பிறவாது. பல சிறு பளிங்குகள் ஒட்டிய கட்டியில், அவற்றின் எல்லைகளிலே இலத்திரன்கள் பல வீணாகும். முழுக்கட்டியும் ஒரே பளிங்காயின் இவ்விழப்பு இல்லை.

அத்தகைய பளிங்கை வளர்க்கும் முறைக்கு வித்திட்டவர் போலந்து நாட்டவரான யான் சொக்ரால்ஸ்கி. 1916 இல், மைக்கூடென எண்ணி உருகிய வெள்ளீயத்திற் பேனாவைத் தோய்த்தெடுத்தபோது, நுனியில் மெல்லிய உலோக இழை தொடர்ந்து வந்ததென்பர். இன்று 1,414 பாகை செல்சியசில் உருகிய சிலிக்கனில் ஒரு சிறு வித்துப் பளிங்கைத் தோய்த்து, சுழற்றியவாறு மெல்ல மேலிழுக்கின்றனர். நூலைப் பற்றிக் கற்கண்டு திரள்வதுபோல, வித்தைப் பற்றிச் சிலிக்கன் திரள்கிறது. வித்தின் அணுவொழுங்கே கட்டி முழுவதும் தொடர்கிறது. மருதமுனைத் தறியிற் பாவிழை ஒன்று அறுந்தால் அவ்வழு துணியின் நீளமெங்கும் தொடரும். இங்கும் அவ்வாறே, இடையில் ஒழுங்கு குலைந்தால் அதற்குப்பின் வளர்வது ஒரே பளிங்காகாது. ஆதலால் வித்தின் கீழ் முதலிற் கழுத்தை மெலிய இழுத்து, வழுக்களை ஆங்கே ஒழித்து, பின்னரே கட்டியைப் பருக்க விடுவர்.

உருக்குங் கலனும் படிகக்கல்லாலானது. அதிலிருந்து ஒட்சிசன் சிறிது கரைந்து பளிங்கிற் புகும். மின்னியல்புக்காகச் சேர்க்கும் போரனுடன் அது கூடி, வெயில் பட்டபின் கலத்தின் வினைத்திறனைக் குறைப்பது கண்டறியப்பட்டது. போரனுக்குப் பதிலாகக் கல்லியத்தைச் சேர்த்து இக்குறையை நீக்கினர்.

1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட சிலிக்கன் கலத்தின் வினைத்திறன் ஏறத்தாழ 6 சதவீதம். இன்று ஆய்வுகூடங்களில் அது 27 சதவீதத்தைக் கடந்துவிட்டது. இத்தகைய கலத்துக்குக் கொள்கையளவான எல்லை ஏறத்தாழ 29 சதவீதமே.

இலங்கையின் மாத்தளை, இரத்தினபுரிப் பகுதிகளில் உயர்ந்த படிகக்கல் உண்டு. கல்லாகவே விற்பவர்க்குக் கல்லின் விலையே கிடைக்கும். அதனைப் பளிங்காக்கத் தடையற்ற மலிந்த மின்சாரமும், பெருமுதலும், வேதியியலும் பௌதிகமும் துறைபோகக் கற்றோரும் வேண்டும். இவற்றுள் இறுதியாகக் கூறியதையேனும் ஆக்கித் தருவது கல்விக்கூடங்களின் கடனாகும்.