வீட்டில் ஒரு தரவுக் களஞ்சியம்

முற்காலத்தில் வேளாண் குடும்பங்களில் நெல்லைச் சேர்த்துவைக்கக் குதிரோ பத்தாயமோ இருந்தது. அதன் அழகைப் பற்றி எவரும் கேட்டதில்லை. எலி நுழையுமா, ஈரம் ஏறுமா, அடுத்த விதைப்பு வரை விதைநெல் கெடாதிருக்குமா என்றே கேட்டனர். இன்று நம் வீடுகளில் வேறொரு விளைச்சல் குவிகின்றது. திருமணப் படங்கள், குழந்தையின் முதல் நடை, மறைந்த பாட்டியின் குரல், நிலப் பத்திரங்களின் நகல் ஆகிய யாவும் எண்களாக மாறிக் கைபேசியிலும் கணினியிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை ஒருங்கே திரட்டி, வீட்டிலுள்ளோர் அனைவரும் வலைப்பின்னல் வழியாக எடுத்தாளுமாறு வைத்திருக்கும் கணினியே சேமிப்பு சர்வர் எனப்படுவது. பெருங்கொள்ளளவு வேண்டுவோர் அதற்குரிய உறுப்புகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நாம் இதனை ஏட்டறிவால் மட்டும் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நம் இல்லத்துப் பெரியவர் ஒருவர் பேசிப் பதிந்த ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றி ஒரே வட்டில் வைத்தோம். மாற்றியாயிற்றே என்று பூசணம் பிடித்த நாடாக்களை அப்புறப்படுத்திவிட்டோம். ஒரு கோடைக்கால மின்தடைக்குப் பின் அவ்வட்டு சுழல மறுத்தது. அக்குரலை நாம் மீண்டும் கேட்கவில்லை. ஆகவே, நாம் சொல்லப்போவதன் சாரம் ஒன்றே. சேமிப்பு சர்வருக்கு விரைவு ஓர் அணிகலன், பிழையின்மையே உயிர். எந்த உறுப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்னும் வினாவுக்கு விடையும் இதிலேயே அடங்கியுள்ளது.

முதலில் அளவை நோக்குவோம். 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டகம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. ஒரு டன்னுக்கு மேல் எடையுடையது. அது ஏற்றது 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைபேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படமே ஏறத்தாழ அத்துணை இடம் கொள்கின்றது. குறுவட்டுத் தரமுள்ள ஒலிப்பதிவு மணிக்கு 635 மெகாபைட்டும், பழைய மினி டி.வி. வீடியோ நாடா மணிக்குச் சுமார் 13 கிகாபைட்டும் கொள்ளும். கைபேசியின் 4கே வீடியோவோ ஒரு நிமிடத்திற்கே 170 முதல் 350 மெகாபைட் வரை கேட்கும். தம் வீட்டில் இப்போது உள்ளதைக் கணக்கிட்டு, ஐந்தாண்டு வளர்ச்சியையும் கூட்டிய பின்னரே வட்டு வாங்கப் புறப்பட வேண்டும்.

அடுத்து வன்வட்டுகள். செலவின் பெரும்பகுதி இவற்றிற்கே உரியது. வட்டில் தரவு எழுதும் முறைகளுள் இரண்டை அறிந்துகொள்ளல் நலம். ஒன்றில் தடங்கள் தனித்தனியே அமையும். மற்றொன்றில், ஓட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தாற்போல ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் படியும். இரண்டாவதில் கொள்ளளவு கூடும். ஆனால் ஓர் ஓட்டை மாற்ற அண்டையிலுள்ள ஓடுகளையும் பெயர்க்க நேர்வது போல, ஒரு தடத்தைத் திருத்த அதனையடுத்த பல தடங்களையும் திரும்ப எழுத நேரும். பழுதுபட்ட வட்டின் இடத்தில் இவ்வகைப் புது வட்டை வைத்து நிரப்பும்போது, வேலை நாட்கணக்கில் இழுக்கும். வலைச்சேமிப்புக்கென்றே விற்கப்பட்ட சில வட்டுகளில் இம்முறை அறிவிப்பின்றிக் கையாளப்பட்டிருந்தது 2020-ல் வெளியாகிச் சர்ச்சை எழுந்தது. எனவே விவரத்தாளில் சி.எம்.ஆர். எனக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தே வாங்குக. எஸ்.எம்.ஆர். என்றிருப்பின் தவிர்க்க.

பல வட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று கெட்டாலும் தரவு கெடாதவாறு அமைக்கும் ரெய்டு முறையை, 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் தம் கட்டுரையில் வகுத்துரைத்தனர். அன்று வட்டுகள் சிறியவை. ஒரு வட்டு கெடுவதைத் தாங்கினால் போதும் எனலாம். இன்று 16 டெராபைட் வட்டை, நொடிக்கு 200 மெகாபைட் வீதம் இடைவிடாது நிரப்பினாலும் 22 மணி நேரம் செல்லும். அந்நேரம் முழுதும் எஞ்சிய வட்டுகள் ஓய்வின்றி உழைக்கும். அன்றியும், சாதாரண வட்டுகளுக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் வரம்பு, நூறு இலட்சம் கோடி பிட்டுகளைப் படிக்கையில் ஒரு பிழை என்பதாகும்; அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. நடைமுறையில் வட்டுகள் இதனினும் நன்றாகவே இயங்குவதுண்டு. ஆயினும் ஒரு வட்டு இறந்த நிலையில் இன்னொன்று பிழை காட்டினால் தாங்குவதற்கு வழியிருத்தல் வேண்டும். ஆதலின் பெரிய வட்டுகள் ஐந்தாறு சேரும் இடத்தில், இரு வட்டுகள் கெட்டாலும் தாங்கும் அமைப்பையே நாம் பரிந்துரைப்போம். 16 டெராபைட் வட்டுகள் ஆறு வைத்தால், இரண்டின் இடம் காப்புக்குச் சென்று 64 டெராபைட் கிட்டும். கணினி காட்டும் இரும எண் கணக்கில் அது 58 அளவே. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது வேகத்திற்கு நல்லது.

ஆறு வட்டுகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காதிருத்தல் நன்று. ஒரே தொகுதியில் பிறந்தவை ஒரே குறையை உடையனவாக இருக்கக்கூடும். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை வரிசை எண் கொண்டு விசாரித்துக்கொள்க. வந்த வட்டை முழுதும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்த பின்னரே பணியில் அமர்த்துக.

இனி நினைவகம். ராம் எனப்படும் இதில் ஒரு பிட்டு தானே மாறிவிடுவதுண்டு. கூகுள் நிறுவனத்தின் கணினிகளில் ஆய்ந்து 2009-ல் வெளியான கட்டுரை, ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை காணப்பட்டதாகத் தெரிவித்தது. பிழையைக் கண்டு தானே திருத்திக்கொள்ளும் இ.சி.சி. நினைவகம் சற்று விலை கூடியது. ஆயினும் தவறாகிப்போன தரவைச் சரியென நம்பி வட்டில் எழுதிவிடும் கேட்டிலிருந்து அது காக்கும். செயலி, மதர்போர்டு, நினைவகம் ஆகிய மூன்றும் இதற்கு இசைய வேண்டும். ஒன்று இசையாவிடினும் பயனில்லை. டி.டி.ஆர். 5 நினைவகத்தின் சில்லுக்குள்ளேயே அமைந்த திருத்தம் இதற்கு ஈடாகாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி 2005-ல் மூலநிரலுடன் வெளிவந்த இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை, எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியே குறித்துவைத்து, படிக்கும்போது ஒப்பிட்டு, பிழையிருப்பின் மற்ற வட்டுகளிலிருந்து திருத்திக்கொள்கின்றது. நல்ல நினைவகமும் இத்தகைய கோப்பு முறையும் சேர்ந்தால், களஞ்சியத்திற்குக் கணக்குப்பிள்ளையும் காவற்காரனும் அமைந்தாற்போலாகும்.

செயலியைக் குறித்து நீளப் பேச வேண்டுவதில்லை. கோப்புகளைக் கொடுத்து வாங்க, மின்சாரம் குறைவாகக் கொள்ளும் நான்கு உட்கரு உடைய செயலி போதும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப விரும்புவோர் மட்டும் அதற்கான வசதி உள்ளதைத் தேர்க. மதர்போர்டில் வட்டுகளுக்குப் போதிய சாட்டா துளைகள் இல்லையெனில், வட்டுகளை நேரடியாகக் காட்டும் இணைப்பு அட்டையைச் சேர்க்கலாம். தானே ரெய்டு செய்து வட்டுகளை மறைக்கும் அட்டை இசட்.எஃப்.எஸ். முறைக்கு ஒவ்வாது, யூ.எஸ்.பி. வழி பிணைத்த வட்டுகளும் நம்பத்தக்கன அல்ல.

பவர் சப்ளையே பலர் சிக்கனம் பிடிக்கும் இடம். சிக்கனம் பிடிக்கலாகாத இடமும் அதுவே. 3.5 அங்குல வட்டு ஓடும்போது 5 முதல் 8 வாட் வரை கொள்ளினும், சுழலத் தொடங்கும் கணத்தில் 24 வாட் வரை இழுக்கும். ஆறும் ஒன்றாய்த் தொடங்கினால் அவற்றிற்கே 144 வாட் வேண்டும். ஆகவே தரமான 450 வாட் சப்ளை தாராளமாகப் போதும். கழற்றி மாட்டும் வகையான சப்ளையில், வேறொரு சப்ளைக்குரிய கம்பிகளை ஒருபோதும் மாட்டாதீர்கள். துளைகள் பொருந்தும், உள்ளேயுள்ள கம்பிகளின் வரிசையோ மாறியிருக்கலாம். அவ்வாறு ஒரே நொடியில் வட்டுகள் அனைத்தும் எரிந்துபோகக்கூடும்.

நம் நாட்டு நிலைமைக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று மின்தடை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கின்றதே என்று அமைய வேண்டா. பேட்டரி தீரப்போவதைச் சாதாரண இன்வெர்ட்டர் சர்வருக்கு அறிவிக்காது. யூ.எஸ்.பி. வழியே செய்தி அனுப்பும் யூ.பி.எஸ். வைத்தால், சர்வர் தன் வேலையை ஒழுங்காக முடித்துத் தானே உறங்கிவிடும். எர்த் இணைப்பு சரியாயுள்ளதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்க. மற்றொன்று வெப்பமும் புழுதியும். தயாரிப்பாளர்கள் வட்டுக்கு 60 பாகை செல்சியஸ் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட வரம்பு கூறுவர். கோடையில் தில்லி, நாகபுரி போன்ற நகரங்களில் அறையே 40 பாகையை எட்டும்போது, எஞ்சிய இடைவெளி சொற்பமே. வட்டுகளுக்கு நேர் முன்னால் 120 மில்லிமீட்டர் விசிறிகளும், கழற்றிக் கழுவத்தக்க புழுதி வடிகட்டியும் உள்ள பெட்டியைத் தேர்க. மூடிய அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள்.

வலைப்பின்னலில் ஒரு கிகாபிட் இணைப்பு நொடிக்கு 110 மெகாபைட்டுக்குச் சற்று மேல் தரும். குடும்பத் தேவைக்கு அதுவே நிறைவு. பெரிய வீடியோக்களைத் தொகுப்போர்க்கு 2.5 கிகாபிட் உதவும். 60 வாட் கொள்ளும் சர்வர் இரவும் பகலும் ஓடினால் ஆண்டுக்கு 526 யூனிட் ஆகும் என்பதையும் குடும்பக் கணக்கில் எழுதிக்கொள்க.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு பணி எஞ்சியுள்ளது. ரெய்டு முறை வட்டு கெடுவதைத் தாங்கும்; தவறுதலாக அழித்த கோப்பையோ, திருட்டையோ, தீயையோ, வெள்ளத்தையோ தாங்காது. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. காப்பு நகலும் பயன்படவில்லை. பணியாளர் ஒருவர் தம் வீட்டில் வைத்திருந்த நகலே படத்தைப் பெருமளவு மீட்டது. ஆகவே, கையிலுள்ள தொகையில் இரண்டாம் நகலுக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குக. எல்லாவற்றையும் இரட்டிக்க இயலாவிடில், மீண்டும் பெற முடியாதவற்றையேனும் தனி வட்டில் படியெடுத்து, வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை அதைத் திறந்து, படிக்க முடிகின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்நாட்டின் பழஞ்சுவடிகள் இன்றளவும் வாழ்வது பனையோலையின் வலிமையால் மட்டும் அன்று. ஓலை நலியுமுன் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார். அவர்க்குப் பின் இன்னொருவர் எழுதினார். வன்வட்டுக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே. எத்துணை நல்ல உறுப்புகளைத் தேர்ந்தாலும் அவை ஒரு நாள் ஓயும். அவை ஓயுமுன் பெயர்த்தெழுத ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அவர் யார் என்பதையும் இன்றே முடிவு செய்துகொள்வது நலம்.