எழுபத்திரண்டில் ஒரு பங்கு டோர்னியர்

நெய்வேலிக்கு ஒரு காலத்தில் பயணிகள் விமானம் வந்துபோனது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பத் தயங்குகிறார்கள். நிலக்கரி நிறுவனத்தின் ஓடுதளத்தில் வாயுதூத்தின் டோர்னியர் 228 இறங்கியிருக்கிறது. வாயுதூத் 1981இல் தொடங்கப்பட்ட அரசு விமான நிறுவனம். 1990களில் இந்தியன் ஏர்லைன்ஸோடு கலந்து மறைந்துபோனது. டோர்னியர் மறையவில்லை. 1981 மார்ச் 28 அன்று ஜெர்மனியில் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தை, உரிமம் பெற்று கான்பூரில் ஹெச்.ஏ.எல். கட்டியது. நம் கடலோரக் காவல்படை இன்றும் அதை ஓட்டுகிறது.

பள்ளி நாள்களில் ஸ்கேல் மாடல் விமானம் செய்துவிட்டு, படிப்பு, வேலை, குடும்பம் என்று விலகி, தலை நரைக்கும் வயதில் மறுபடி கத்தியும் பசையுமாக உட்காருகிறவர்கள் உலகெங்கும் உண்டு. நானும் அப்படித் திரும்பியவன்தான். அப்படி வருகிறவர்களுக்கு, அதிலும் இந்த ஊர்க்காரர்களுக்கு, நான் பரிந்துரைப்பது இந்த டோர்னியரைத்தான். பெட்டியில் வரும் கிட்டைத் தேடி அலைய வேண்டாம். பாலிஸ்டைரீன் தகட்டை வெட்டி ஒட்டியே செய்துவிடலாம். அதன் உடல் அதற்கு இடம் கொடுக்கிறது.

பெரிய ஜெட் விமானங்களின் உடல் ஏன் உருளையாக இருக்கிறது? உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். அந்த அழுத்தத்தை வட்டம் சீராகத் தாங்கும்; பெட்டி வடிவமாக இருந்தால் மூலைகளில் திணறும். டோர்னியர் 228 தாழப் பறப்பது, உள்ளே காற்றழுத்தம் கிடையாது. ஆகவே அதன் உடலைக் கிட்டத்தட்ட ஒரு நீள்பெட்டியாகவே கட்டினார்கள். 19 பயணிகளுக்கு அது போதும். ஆனால் உள்ளறையின் உயரம் 1.55 மீட்டர்தான், பெரியவர்கள் குனிந்துதான் இருக்கைக்குப் போக வேண்டும். உருளையைச் செதுக்கத் தெரியாத கைக்கும் பெட்டி வசப்படும். இறக்கை உடலுக்கு மேலே, வளைவில்லாமல் நேராக நிற்கிறது. நுனியில் மட்டும் முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்து கூராக முடிகிறது. டோர்னியரை எங்கே கண்டாலும் அந்த நுனியை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம்.

எந்த அளவில் செய்வது? எனக்குப் பிடித்தது 1:72. ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்ற எளிய கணக்கு. 1932இல் இங்கிலாந்தில் வந்த ஸ்கைபேர்ட்ஸ் மரக்கிட்டுகள் இந்த அளவை நிலைநிறுத்தின. 1936இல் ஃபிராக் நிறுவனம் இதே அளவில் பிளாஸ்டிக் கிட்டுகளை விற்கத் தொடங்கியது. டோர்னியரின் இறக்கை வீச்சு 16.97 மீட்டர், இந்த அளவில் இருபத்து மூன்றரை சென்டிமீட்டர். மேசை விளக்கின் வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ஸ்கேல் என்பதை வெறும் வகுத்தல் கணக்காக நினைத்துவிடுகிறோம். அது தூரத்தின் கணக்கும்கூட. 1942இல், போர் நடுவே, அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாடல் விமானங்கள் செய்து தரக் கேட்டது. வருவது நம் விமானமா எதிரி விமானமா என்று வீரர்கள் கண நேரத்தில் கண்டறியப் பழக வேண்டியிருந்தது. அளவு 1:72, நிறம் முழுக் கறுப்பு. 35 அடி தள்ளி நின்று இந்த மாடலைப் பார்த்தால், உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைலிலிருந்து பார்ப்பது போலிருக்கும். 35ஐ 72ஆல் பெருக்கினால் 2,520 அடி. அந்த மாணவர்கள் ஜன்னலும் செய்யவில்லை, சக்கரக் கம்பியும் செய்யவில்லை. அரை மைலில் அவை கண்ணுக்குத் தெரியாது.

இதை உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். மாடலைக் கையில் எடுத்து முப்பது சென்டிமீட்டரில் பிடித்துப் பார்க்கிறீர்கள். அது உண்மை விமானத்தை இருபத்தோரு மீட்டருக்குச் சற்று அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியுமோ அதைச் செய்தால் போதும்; தெரியாததை விட்டுவிட வேண்டும். ஆறு மில்லிமீட்டர் தலை கொண்ட ரிவெட் 1:72இல் 0.08 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். பழைய கிட்டுகளில் உடல் முழுக்கப் புள்ளிபுள்ளியாய்ப் புடைத்திருக்கும் ரிவெட்டுகளை நினைவிருக்கிறதா? அரை மில்லிமீட்டர் புடைப்பு உண்மை விமானத்தில் 36 மில்லிமீட்டராகும். எலுமிச்சம்பழம் ஒட்டிவைத்த விமானம் எங்கே பறக்கும்? சிறு வயதில் அவற்றைத் திறமையின் அடையாளமாக ரசித்தேன். இப்போது கூச்சமில்லாமல் உப்புத்தாளால் தேய்த்துவிடுகிறேன்.

எதைத் தேய்க்கக் கூடாது, எதை இன்னும் தேய்க்க வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து வரும். இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனில் விட்டால் நிஜத்தில் அது 3.6 சென்டிமீட்டர் தடிமன். மாடல் பொம்மையாகத் தெரிய முதல் காரணம் இந்த மழுங்கிய விளிம்புதான். வண்ணத்தையும் மிஞ்சி இதுவே கண்ணை உறுத்தும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒட்டுவதற்கு முன், அவற்றின் உட்புறத்தைப் பின்விளிம்பு ஓரமாகத் தேய்த்து மெலிதாக்கிக்கொள்ள வேண்டும். ஒட்டிய பின் வெளிப்புறத்தைத் தேய்த்தால் இறக்கையின் வளைவே கெட்டுவிடும்.

பசை என்று நாம் சொல்லும் பாலிஸ்டைரீன் சிமென்ட் உண்மையில் ஒட்டும் பொருளே அல்ல. அது கரைப்பான். இரு விளிம்புகளையும் இளக்கும். இளகிய பிளாஸ்டிக் ஒன்றோடொன்று கலக்கும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். இரும்பைப் பற்றவைப்பதன் குளிர்ந்த வடிவம் என்றே சொல்லலாம். அதனால் தாராளமாக ஊற்றினால் இணைப்பு பலப்படாது, தகடுதான் இளகி வளையும். இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நுண்ணிய தூரிகையால் இடுக்கில் தொட்டால் போதும், நுண்துளை ஈர்ப்பில் அதுவே உள்ளே ஓடிவிடும். வண்ணம் பூசிய இடத்திலும் மரத்திலும் உலோகத்திலும் இது பலிக்காது. ஜன்னல் கண்ணாடிக்கு ஃபெவிக்விக் வகைப் பசையும் வேண்டாம்; அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். அங்கே சாதாரண ஃபெவிகால் நல்லது. காய்ந்தால் நிறமற்றுப் போகும், வழிந்தால் தண்ணீரில் துடைத்துவிடலாம்.

பரணில் பழைய கிட் கிடக்கிறதா? பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் டெக்கால்தான் மூப்படையும். பழுத்துப்போன தாளைப் பாலிதீன் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டிவையுங்கள். மஞ்சள் வெளுக்கும், அதற்கு நம் ஊர் வெயிலுக்குக் குறைவில்லை. நனைக்குமுன் மேலே ஒரு பூச்சு தெளிந்த வார்னிஷ் கொடுத்தால் தண்ணீரில் சிதறாது.

டோர்னியருக்கு வெள்ளைப் பூச்சே பெரும்பகுதி என்பதால் நிறக் கலவை சுலபம். மற்ற விமானங்களுக்கு ஒரு துளி வெள்ளை சேர்த்து நிறத்தை இளக்குவது மாடல்காரர்களிடையே பழைய வழக்கம். இடையிலிருக்கும் காற்று நிறத்தை வெளுக்கச் செய்கிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். இருபது மீட்டர் காற்று அப்படி ஒன்றும் வெளுத்துவிடாது. எனக்குச் சரியாகப் படுவது வேறு காரணம். விமானத்தை நண்பகல் வெயிலில் பார்க்கிறோம், மாடலை அறை விளக்கில் பார்க்கிறோம்; மங்கிய வெளிச்சத்தில் அதே நிறம் இன்னும் அடர்ந்து தெரியும்.

உடலை மூடுவதற்குமுன் ஒரு வேலை உண்டு. டோர்னியருக்கு மூக்கில் ஒரு சக்கரம், நடுவில் இரண்டு. மாடலின் வால்பகுதி கனத்துவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு குந்திவிடும். மீன்பிடிக்காரர்கள் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டை விமானி அறைக்கு முன்னால், மூக்கின் கூருக்குள் வைத்து ஒட்டுங்கள். எவ்வளவு முன்னால் வைக்கிறீர்களோ அவ்வளவு குறைவாகப் போதும், நெம்புகோல் விதிதான். முக்கியச் சக்கரங்களின் இடத்தில் ஒரு பென்சிலை வைத்து, அதன்மேல் உடலை நிறுத்தி, மூக்குப் பக்கம் சாய்கிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.

வண்ணம் பூசும் வேலையை மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். லாக்கர் வண்ணத்தின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் துளியாகப் படிந்து, வண்ணத்துக்குள் வெண்மூட்டமாக உறைந்துபோகும். அந்த மாதங்களில் உடலை வெட்டுங்கள், தேயுங்கள், இடுக்குகளை நிரப்புங்கள். தை பிறந்து காற்று உலர்ந்ததும் வண்ணத்தைத் திறக்கலாம்.