வரன் பார்க்கும்போதே விசாவும் பார்ப்போம்

சில மாதங்களுக்கு முன் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவரே பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன; இருவருமே அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர்கள். ஒருவர் 'ஹெச்1பி' விசாவில் பணிபுரிகிறார். மற்றவருக்குக் 'கிரீன் கார்டு' கிடைத்துவிட்டது. "கிரீன் கார்டு மாப்பிள்ளைதானே சார் பாதுகாப்பு? கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணை அழைத்துச் சென்றுவிடலாம் அல்லவா?" என்று கேட்டார்.

உண்மை அதற்கு நேர்மாறானது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அமெரிக்க மாப்பிள்ளை வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கும் பெற்றோர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். இதற்கு நம் செய்தித்தாள்களும் ஒரு காரணம். கிரீன் கார்டை 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதி எழுதியே பழக்கிவிட்டோம். அது குடியுரிமை அன்று. நிரந்தரமாக வசிப்பதற்கும் பணிபுரிவதற்குமான உரிமை மட்டுமே. குடியுரிமை பெற அதன்பின் பொதுவாக ஐந்தாண்டுகள் காத்திருந்து விண்ணப்பிக்க வேண்டும். சொல்லில் உள்ள இந்த வேறுபாடு, மணமாகிச் செல்லும் பெண்ணின் வாழ்வில் ஆண்டுக்கணக்கில் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால், வரிசை என்று ஒன்று கிடையாது. ஹெச்1பி விசாவில் இருப்பவரின் மனைவிக்கும் வரிசை இல்லை. திருமணச் சான்றிதழுடன் 'ஹெச்4' எனும் சார்பு விசாவுக்கு விண்ணப்பித்து, நேர்காணல் முடிந்ததும் கணவருடன் சென்று சேரலாம். இடையில் மாட்டிக்கொள்பவர் கிரீன் கார்டு பெற்றவரின் மனைவிதான். அவருக்கு ஹெச்4 கிடைக்காது. ஏனெனில், கணவர் இப்போது ஹெச்1பி விசாவில் இல்லை. குடிமகனின் மனைவிக்குரிய சலுகையும் இல்லை. ஆண்டு வரம்புக்கு உட்பட்ட குடும்ப விருப்பப் பிரிவு ஒன்றில் அவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு சில காலங்களில் இல்லாமலும் இருந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் ஓரிரு ஆண்டுகளும் அதற்கு மேலும் நீடிக்கிறது. அதற்குள் சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்து வரலாம் என்றால், அங்கேயே தங்கிவிடும் நோக்கம் இருப்பதாகக் கருதித் தூதரக அதிகாரி மறுக்கவே வாய்ப்பு அதிகம். இந்த இடைவெளியை அமெரிக்க நாடாளுமன்றமே ஒருமுறை உணர்ந்து, 2000-ஆம் ஆண்டில் 'வி' விசா என்ற ஒன்றை உருவாக்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதிக்குள் மனு அளிக்கப்பட்டிருந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அதன்பின் அக்கதவு திறக்கப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேலைவாய்ப்பு வழியாகக் கிரீன் கார்டு பெறுபவர், அது கிடைப்பதற்கு ஒரு நாள் முன்பாகவாவது சட்டப்படி மணமாகியிருந்தால், மனைவி அவருடைய விண்ணப்பத்தின் பயனாளி ஆகிறார். கணவரின் வரிசை எண்ணே மனைவிக்கும் பொருந்தும். பின்னர்ச் சென்று சேர்ந்துகொள்ளலாம். கிரீன் கார்டு கிடைத்த மறுநாள் தாலி கட்டினால், மேற்சொன்ன தனி வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஆடி போகட்டும், தையில் வைத்துக்கொள்வோம் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள், மாப்பிள்ளையின் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒருமுறை கேட்டுவிட்டுத் தள்ளிப்போடுவது நல்லது. முகூர்த்தத்துக்கு முன்பே பதிவுத் திருமணத்தை முடித்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஹெச்1பி மாப்பிள்ளையே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

ஹெச்4 விசாவில் செல்பவர் படிக்கலாம். ஊதியத்துக்குப் பணிபுரிய முடியாது. நான் கற்பித்த மாணவியரில் முதுகலையில் முதலிடம் பெற்ற ஒருவர், வங்கித் தேர்வெழுதி அதிகாரியாகச் சேர்ந்து, மூன்றாண்டுப் பணியைத் துறந்து இந்த விசாவில் சென்றார். முதல் நான்கு ஆண்டுகள் வேலை இல்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லை. தன் பெயரில் கடன் வரலாறும் இல்லை. எழுதிய கடிதங்களில் அவர் இதைக் குறையாகச் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், "பால் வாங்கினால்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது சார், அவர் கேட்கவில்லை, நானேதான் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார். மனித மூலதனம் பயன்படுத்தப்படாவிட்டால் தேய்மானம் அடையும் என்று நான் வகுப்பறையில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தத் தடை 2015 மே 26 முதல் ஓரளவு தளர்த்தப்பட்டது. கணவருடைய கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் அளிக்கும் ஐ-140 எனும் மனு ஒப்புதல் பெற்றிருந்தாலோ, அந்த நடைமுறை நிலுவையில் உள்ளதால் ஆறாண்டு வரம்பைத் தாண்டி அவருடைய ஹெச்1பி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ, மனைவி பணி அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மனுவுக்கு முன் தொழிலாளர் துறையின் சான்று பெற வேண்டும் என்பதால், நிறுவனம் உடனே முனைந்தாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். முனையாத நிறுவனங்களும் உண்டு. ஆகவே, ஹெச்1பி மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி 'சம்பளம் எவ்வளவு' என்பதன்று. 'ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டதா' என்பதே.

இந்த அனுமதியும் சட்டமன்று, நிர்வாக விதி மட்டுமே. அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே அதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. அந்த வழக்கில் 2024 ஆகஸ்டில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆயினும் 2025 அக்டோபர் 30 முதல் வேறொரு இடர் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர், புதிய அட்டை வரும்வரை குறிப்பிட்ட காலம் பழைய அனுமதியிலேயே பணியில் தொடரலாம். அந்தத் தானியங்கி நீட்டிப்பு இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய அட்டை தாமதமானால் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான்.

மற்ற விசாக்களின் கதை வேறு. ஒரே நிறுவனத்தின் இந்தியக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றப்படும் 'எல்1' பணியாளரின் மனைவிக்கு, 2021 நவம்பர் முதல் அந்த விசா நிலையே பணி அனுமதியாகிறது. தனி அட்டை தேவையில்லை. மாணவர் விசாவில் இருப்பவரின் மனைவிக்கோ பணி உரிமை அறவே இல்லை. ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரே மென்பொருள் துறையில், அடுத்தடுத்த வீட்டுக் கணவர்கள். ஒருவர் மனைவி வேலைக்குப் போகிறார், மற்றவர் மனைவி போக முடியவில்லை. இதற்குப் பொருளாதார நியாயம் எதையும் நான் காணவில்லை.

இனி, கிரீன் கார்டு ஏன் இவ்வளவு தாமதமாகிறது? வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டுக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த ஆண்டு வரம்பு 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பது மற்றொரு வரம்பு. ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் உச்சவரம்பு ஒன்றே! போதாக்குறைக்கு, அந்த 1,40,000 என்பது பணியாளர்களின் எண்ணிக்கை அன்று. அவர்களுடைய மனைவி, மக்களையும் சேர்த்த கணக்கு. கணவன், மனைவி, இரு குழந்தைகள் என்றால் நான்கு இடங்கள் போய்விடும். மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் இவ்வாறு குடும்பத்தினருக்கே செல்கின்றன. விலை இல்லாத பங்கீட்டில் வரிசை நீள்வது இயல்பே. இந்திய முதுகலைப் பட்டதாரிகளின் பிரிவில் அது பத்தாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. யாரைக் குடியேற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்நாட்டுக்கு உண்டு. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், பணியாளருக்கென ஒதுக்கிய இடத்தில் குழந்தையையும் கணக்கில் சேர்ப்பது கணக்காகவே தவறு என்பது என் கருத்து.

'பிறந்த நாடு' என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குடியுரிமை எந்நாட்டது என்பது பொருட்டல்ல. பிறந்த மண் எது என்பதே கணக்கு. மதுரையில் பிறந்த பொறியாளர், குவைத்தில் பிறந்து சென்னையில் வளர்ந்த பெண்ணை மணந்தால், இருவரும் குவைத்தின் கணக்கில் இடம் கோரலாம். இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராயினும் அவ்வாறே. ஏறத்தாழ வரிசையே இல்லாத நிலை அது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த பெற்றோருக்கு அங்கே பிறந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் பிறப்புச் சான்றிதழின் இந்த மதிப்பு தெரிவதில்லை. குழந்தை பிறந்த நாட்டைப் பெற்றோர் இவ்வாறு பயன்படுத்த முடியாது. கணவன் மனைவிக்கிடையே மட்டுமே இது செல்லும்.

வரிசை நீள நீள, குழந்தைகள் வளர்கிறார்கள். மூன்று வயதில் அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைக்கு 21 வயது நிறையும் நாளில் ஹெச்4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டுக்கான முறை வராவிட்டால், அவன் வெளிநாட்டு மாணவனாக விசா மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது தனக்கு நினைவே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். 2002-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மனு பரிசீலனையில் கிடந்த நாள்களை வயதிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால், முறை வருவதற்காகக் காத்திருந்த ஆண்டுகள் கழிக்கப்படுவதில்லை. வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவது என்பதில் 2023-இல் காட்டப்பட்ட சலுகையும் 2025 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையுடன் இப்போது புறப்படும் குடும்பம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே விமானம் ஏற வேண்டும்.

ஆவணங்களில் நம்மவர்களுக்கென்றே அமைந்த தொல்லை பெயர். தலைப்பெழுத்தோடு வாழும் சமூகம் நாம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டுவிட்டால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அச்சாகும். அங்கே ஓட்டுநர் உரிமம் முதல் குழந்தையின் பள்ளிச் சேர்க்கை வரை அந்த மூன்றெழுத்து பின்தொடரும். கடவுச்சீட்டு வாங்கும்போதே தந்தை பெயரை விரித்தெழுதிவிடுவது எளிது. திருமணப் பதிவும் அவ்வாறே. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி, திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிவு செய்வது எல்லா மதத்தினருக்கும் கட்டாயம். பதிவில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்பிதழையும் புகைப்படங்களையும் எடுத்து வையுங்கள். திருமணம் உண்மையானது என்பதற்கு அவையும் சான்றுதான்.

திருமணம் முறிந்தால் என்னவாகும் என்பதைப் பேச நம் குடும்பங்கள் கூசுகின்றன. சட்டம் கூசவில்லை. மணமுறிவோடு ஹெச்4 நிலையும் முடிகிறது. குடிமகனையோ கிரீன் கார்டு பெற்றவரையோ மணந்து, இரண்டாண்டு நிறைவதற்குள் கிரீன் கார்டு பெற்றவருக்கு அது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாண்டு முடியும் முன் 90 நாள்களுக்குள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்க வேண்டும். கொடுமைக்கு ஆளான மனைவி, கணவரின் கையொப்பம் இன்றித் தானே விண்ணப்பிக்க வழி உண்டு. ஹெச்4 விசாவில் உள்ள பெண்ணும் அந்நிலையில் தனியாகப் பணி அனுமதி கோரலாம். கடவுச்சீட்டையும் விசாத் தாள்களின் நகலையும் பெண் தன் கைவசமே வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இதைச் சொன்னால் 'அபசகுனமாகப் பேசுகிறாரே' என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். நகைக்குப் பாதுகாப்புப் பெட்டகம் எடுப்பதை யாரும் அபசகுனம் என்பதில்லை.

முன்னாள் மாணவர் அன்று குழப்பத்தோடுதான் திரும்பிச் சென்றார். இரண்டு வாரம் கழித்து அவருடைய மகளே தொலைபேசியில் பேசினார். ஹெச்1பி வரனிடம், ஐ-140 ஒப்புதல் ஆனதற்கான தாளையும் முன்னுரிமைத் தேதியையும் கேட்டாராம். மாப்பிள்ளையின் தாயார், "இப்படியெல்லாமா பெண் வீட்டில் கேட்பார்கள்?" என்று சற்றுத் திகைத்திருக்கிறார். பையன் அன்றிரவே இரண்டையும் அனுப்பிவிட்டான். கூடவே, அவளுடைய பணிக்கு அவ்வூரில் எந்தத் தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்றும் தேடி எழுதியிருந்தானாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).