கோப்பு சென்றடைந்தமைக்குச் சான்று யாது?

சிதைந்துவரும் சஞ்சிகைகளை எண்ணிமப்படுத்தித் தொலைவிலுள்ள சேவையகங்களிற் சேமிக்கும் நாம், ‘பரிமாற்றம் முடிந்தது’ எனத் திரையில் தோன்றும் செய்தியையே சான்றாகக் கொண்டுவிடுகிறோம். அது போதாது.

சோல்ற்சர், றீட், கிளார்க் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டுகிறது. அங்கே வலையமைப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் பிழைச்சோதனை இருந்தது. ஆயினும் இடைநின்ற கணினியொன்று, பெற்ற தரவைத் தன்னுள்ளே படியெடுக்கையில், ஏறத்தாழப் பத்து இலட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டை இடம்மாற்றி வைத்தது. சோதனை வழியைக் காத்ததேயன்றிப் படியெடுப்பைக் காக்கவில்லை. பழுதுற்ற நிரல்களைப் பழைய அச்சுப்படிகளோடு மனிதரே ஒப்புநோக்கித் திருத்த நேர்ந்தது. (ஏட்டுப் பிரதிகளோடு மல்லாடிய நம் பதிப்பாசிரியரின் உழைப்பும் இத்தகையதே.)

இடைநிற்போர் தரும் உறுதி, இரு முனைகளிலும் உள்ளோரின் பொறுப்பை நீக்குவதில்லை என்பதே அவர்தம் வாதம். கோப்பின் பருமன் பொருந்துவதும் சான்றாகாது. இடம்மாறிய பைட்டுகள் பருமனை மாற்றா. எனவே, அனுப்புமுன் மூலக்கோப்பின் சரிபார்ப்புத்தொகையை ஷா-256 முறையிற் கணித்தல் வேண்டும். பின்னர், சேவையகத்தின் வட்டிற் பதிந்துள்ள படியிலிருந்து அதனை மீளக் கணித்து, இரண்டையும் ஒப்பிடல் வேண்டும். ஒரு பைட்டு மாறியிருப்பினும் தொகை வேறுபட்டு நிற்கும். அவ்வொப்பீடு முடியும்வரை மூலக்கோப்பை அழிப்பது தகாது.