வெளியில் நிற்கும் மரத்திற்கு எண்ணெயும் பூச்சும்

சோழமண்டலக் கரையோரத்துக் கிராமங்களில் தொழுவத்தின் கால், களஞ்சியக் கதவு, தோட்டத்து வாயிற்கதவு முதலியவை நல்ல மரத்தினால் செய்யப்பட்டிருப்பினும், சில வருஷங்களில் நரைத்து வெடித்து, அடிப்பாகம் உளுத்துப்போவதை விவசாயிகள் யாவரும் அறிவர். இதற்குப் பரிகாரமாகக் கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் பளபளப்பான வார்னிஷை வாங்கிப் பூசிவிடுவது வழக்கமாயிருக்கிறது. இது பெரும்பாலும் பணத்துக்கும் மரத்துக்கும் நஷ்டமாகவே முடிகிறது.

இதை நான் பட்டே அறிந்தேன். கடலுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில், விதை வைக்கும் கிடங்கின் இரட்டைக் கதவுக்கு நிறமற்ற வார்னிஷை மூன்று கை பூசுவித்தேன். சித்திரை மாதம், நடுப்பகல்; கதவோ மேற்குப் பார்த்தது. பார்வைக்குக் கண்ணாடி போலிருந்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் கண்டன. அவற்றை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் வருஷத்துத் தை மாதத்தில் பூச்சைச் சுரண்டியபோது, கதவின் கீழ்ச்சட்டத்தில் கத்தி ஒரு விரற்கடை இறங்கிற்று. உள்ளே கதவை ஒட்டி அடுக்கியிருந்த விதைநெல்லில் இரண்டு மூட்டை ஈரம் தாக்கி முளைத்துவிட்டது. அது ஒரு சிறு குடியானவர் நம்பி வைத்த விதை. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நாற்றுவிடும் பருவத்தில் வேறு விதைக்கு அலைந்தார்.

பூச்சு ஏன் இப்படித் துரோகம் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். வெயிலிலுள்ள புற ஊதாக் கிரணங்கள் இதைச் சிதைத்துவிடும். மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மரம் நரைப்பதற்குக் காரணம் இதுவே. நிறமற்ற வார்னிஷ் இக்கிரணங்களைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகிறது. ஆகையால் பூச்சு நன்றாயிருக்கும்போதே அதன் அடியிலுள்ள மரம் கெட்டு, பூச்சுக்குப் பிடிப்பில்லாமற் போகிறது. மேலும், மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் பருத்து, காய்ச்சலில் சுருங்கும். விறைத்த வார்னிஷ் உடன் அசையமாட்டாமல் வெடிக்கும். அவ்வெடிப்பில் புகுந்த ஐப்பசி மழைத்தண்ணீர் வெளியேற வழியின்றித் தங்கும். மரத்தின் எடையில் ஐந்திலொரு பாகத்துக்கு மேல் ஈரம் தங்கினால் உளுக்கச் செய்யும் காளான்களுக்கு இடமுண்டாகிறது.

எனவே, மேலே தோலாகப் படியும் பூச்சைவிட, உள்ளே ஊறும் எண்ணெயே வெளிமரத்துக்கு உத்தமம். அந்த எண்ணெயிலும் நிறம் சேர்ந்திருக்க வேண்டும். நிறமண்ணே வெயிலைத் தடுக்கும் குடை. நம் ஊர்களில் எளிதாய்க் கிடைக்கும் செங்காவி, இரும்புத்துரு சேர்ந்த மண்ணாகையால் புற ஊதாக் கிரணங்களை நன்கு தடுக்கும். அதை மாவாக அரைத்துச் சலித்து, காய்ச்சின ஆளிவிதை எண்ணெயில், மரத்தின் ரேகை மங்கலாகத் தெரியுமளவு கலந்து பூசலாம். கடையில் ஆயத்தமாக வாங்குவோர் நிறமுள்ளதாயும், ஊறக்கூடியதாயும், பூசணத்தைத் தடுக்கும் மருந்து சேர்ந்ததாயும் பார்த்து வாங்குக. மருந்து சேராத ஆளிவிதை எண்ணெயில் மழைக்காலத்தில் கரும்பூசணம் பிடிக்கும். பச்சை எண்ணெய் காய்வதற்குப் பல நாள் செல்லுமாதலால், காய்ச்சின எண்ணெயே ஏற்றது.

பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரி ஓட்டெண்ணெய் கிடைக்கும். மரப்படகுகளுக்கு நெடுங்காலமாக உபயோகப்பட்டுவரும் இது, கரையானையும் ஓரளவு தடுக்கும். ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் காணும், கையுறையின்றித் தொடலாகாது. லாரிப் பட்டறையின் கழிவு எண்ணெயைப் பூசுவோர் பலர். அது காயாது, ஒட்டிக்கொண்டே இருக்கும், மழையில் கரைந்து கிணற்றடி மண்ணில் சேரும். இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மண்ணில் புதையும் காலுக்கு எந்த மேற்பூச்சும் போதாது. அழுத்தத்தினால் மருந்து ஏற்றிய மரமே வேண்டும். செம்பு, குரோமியம், பாஷாணம் மூன்றும் சேர்ந்த மருந்தை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் கண்டுபிடித்தார். அது உலகெங்கும் பரவிற்று. எனினும் பாஷாணத்தை முன்னிட்டு, 2003-ம் வருஷ முடிவுடன் அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதை ஏற்றுவது நிறுத்தப்பட்டது. அத்தகைய மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது. மாடு நக்கும் தொட்டிக்கும் முளைக்கும் அதையோ, தாரையோ உபயோகிக்கலாகாது.

பூசும் பருவம் மாசி, பங்குனி. மழைக்கு முன் மறு கை வேண்டுமாயின் ஆவணியில் முடித்துவிடுக. கதவின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: உடனே உறிஞ்சினால் எண்ணெய் வேண்டும், முத்துப்போல் நின்றால் வேண்டாம். பழைய வார்னிஷை முழுதும் சுரண்டி, படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, ஒரு வாரம் காயவிட்டு, காலை வெயில் ஏறுமுன் நிழற்பக்கமாகத் தொடங்கி மெல்லியதாகப் பூச வேண்டும். அரைமணி கழித்து ஊறாத எண்ணெயைத் துடைத்துவிடுக. பலகையின் அறுத்த முனைகளே அதிகமாய்த் தண்ணீர் குடிப்பவை. தச்சர்கள் கதவின் அடிமுனையைக் கண்ணுக்குத் தெரியாதென்று விட்டுவிடுவர். என் கிடங்குக் கதவும் அங்கிருந்துதான் உளுத்தது. கதவைக் கழற்றிச் சாய்த்து, அம்முனைக்கு ஊறும்வரை மூன்று நான்கு முறை எண்ணெய் விடுக.

துடைத்த கந்தையை வைக்கோற்போர் அருகில் சுருட்டி எறிந்துவிட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது உஷ்ணம் உண்டாகும். குவிந்து கிடக்கும் கந்தையில் அந்த உஷ்ணம் வெளியேறாமல் சேர்ந்து, நெருப்பு வைக்காமலே தீப்பற்றிக்கொள்ளும். கந்தைகளைத் தண்ணீரில் நனைத்து, வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து, விறைப்பாகக் காய்ந்தபின் அப்புறப்படுத்துக.