ஒரே எண், இரண்டு பேர்

கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே அலுவலகக் கோப்புகளைத் திறக்கப் பத்துப் பேருக்கு விபிஎன் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பதினோராவதாக ஒருவர் சேர்கிறார். கணினியைக் கவனித்துக்கொள்பவர் அவசரத்தில் பழைய விபிஎன் அமைப்புக் கோப்பொன்றை நகலெடுத்து, சாவியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். புதியவருக்கு எல்லாம் திறக்கிறது. ஏற்கெனவே இருந்த ஒருவருக்கு எதுவும் திறக்கவில்லை. பிழைச்செய்தி ஏதும் இல்லை. அவர் வீட்டு இணையமும் நன்றாகவே ஓடுகிறது. அந்த அமைப்புக் கோப்பில் இருந்த 10.8.0.7 என்ற முகவரி இருவருக்கும் போய்விட்டதுதான் காரணம்.

விபிஎன்னில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும், வெளியுலகுக்குத் தெரியாத உள்முகவரி ஒன்று வேண்டும். இதற்கான எண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐபிவி4 என்ற பழைய இணைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அவற்றில் மூன்று தொகுதிகளை யார் வேண்டுமானாலும் தம் வலையமைப்புக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-ல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணம் ஒதுக்கியது. 10-ல் தொடங்கும் தொகுதியில் மட்டும் 1 கோடியே 67 லட்சம் எண்கள். ஆகவே சிக்கல், எந்த எண் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கில்தான்.

விபிஎன் மென்பொருள்களில் ஓப்பன்விபிஎன் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆள் இணையும்போது சர்வர் ஒரு முகவரியைக் கொடுக்கும். அதைக் கோப்பில் குறித்துவைத்து, மறுமுறை பெரும்பாலும் அதையே தரும். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கி, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலோடு சேர்ந்து வந்த வயர்கார்டு அப்படியல்ல. அது முகவரி வழங்காது. யாருக்கு எது என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது அழகான வடிவமைப்பாகவே படுகிறது. வயர்கார்டில் முகவரிதான் அடையாளம். ஒவ்வொருவரின் பொதுச் சாவிக்கு எதிரே அவருக்கு உரிய முகவரியைச் சர்வர் எழுதிவைத்திருக்கிறது. 10.8.0.7-க்கு ஒரு தரவுப் பொட்டலம் போக வேண்டுமென்றால், அதற்கு நேரே உள்ள சாவியால் பூட்டி அனுப்பும். அந்தச் சாவிக்காரரிடமிருந்து பொட்டலம் வந்தால், பூட்டைத் திறந்து, உள்ளே அனுப்புநர் முகவரி 10.8.0.7 தானா என்று பார்க்கும். வேறு எண் இருந்தால் அங்கேயே எறிந்துவிடும். அடுத்தவர் எண்ணைப் போட்டு ஏமாற்ற முடியாது. போகும் வழியைச் சொல்வதும் வருபவரைச் சோதிப்பதும் ஒரே அட்டவணை.

அதனால்தான் ஒரு முகவரி இரண்டு சாவிகளுக்கு உரியதாக இருக்க முடியாது. கடைசியாக எழுதப்பட்டவருக்கே அது சேரும். முதலில் இருந்தவரிடமிருந்து சத்தமில்லாமல் பறிபோய்விடும். இணைப்பு நிலையைக் கேட்டுப் பார்த்தால், அவர் சாவிக்கு எதிரே முகவரி எதுவும் இல்லை என்று காட்டும். அங்கே பார்க்கத் தெரியாதவர் நாள் முழுக்க ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்.

இன்னொரு மோதலும் அடிக்கடி நடக்கிறது. அலுவலகமும் ஊழியர் வீடும் 192.168.1 என்ற தொகுதியையே வைத்திருந்தால், அலுவலகப் பிரிண்டரை வீட்டுக் கணினி வீட்டுக்குள்ளேயே தேடும். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகள், இணையச் சேவை நிறுவனங்களுக்கென 2012-ல் ஒதுக்கப்பட்ட 100.64 முதல் 100.127 வரையான தொகுதியிலிருந்து தாமே முகவரி வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டு ரௌட்டர்கள் அந்தப் பக்கம் வருவது அரிது.

சொந்தமாக விபிஎன் நடத்துபவர்கள் ஒரு பதிவேடு வையுங்கள்: பெயர், கருவி, சாவி, முகவரி, கொடுத்த தேதி. போனும் மடிக்கணினியும் ஒருவருடையதே என்றாலும் இரண்டு எண்கள் கொடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் சாவியை அன்றே நீக்குங்கள்; ஆனால் அவர் எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். சம்பளக் கோப்பைத் திறக்க அந்த எண்ணுக்குத் தந்த அனுமதி ஃபயர்வாலில் இன்னும் அப்படியே இருக்கலாம்.