விமானி ஆக ஆசையா? நிலத்தை விற்குமுன் கண்ணைப் பரிசோதியுங்கள்!

"அப்பா, நான் விமானி ஆகப் போகிறேன்!"

பிளஸ் 2 படிக்கும் மகனோ, மகளோ இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மாவுக்குப் பயம் வரும். அப்பாவுக்குப் பணக் கவலை வரும்.

பார்வதீசுவரர் கோவில் இருக்கும் கோவில்பத்தில் விமானம் இறங்குவதில்லை. காரைக்காலில் எங்குமே இறங்குவதில்லை. விமானம் ஏறத் திருச்சிக்குப் போகிறார்கள். அதனால் என்ன? விமானி ஆவதற்கு ஊரில் விமான நிலையம் வேண்டாம். முறையாகத் திட்டம் போடத் தெரிந்தால் போதும்.

தமிழ்ப் பெண்ணின் சாதனை

சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரத்தைப் பாருங்கள். பெங்களூர் ஜக்கூரில் உள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்து, 1949-ல் தேறினார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று போற்றப்படுகிறார். 1951-ல் கணவர் கேப்டன் சுந்தரத்துடன் லண்டனில் இருந்து பம்பாய்க்குச் சிறு விமானம் ஒன்றை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

என்ன படிக்க வேண்டும்?

10-ம் வகுப்பு முடிந்ததும் கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவில் சேர்வது நல்லது. வேறு பிரிவில் படித்தவர்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் இந்த இரண்டு பாடங்களையும் எழுதித் தேறலாம்.

ஆங்கிலமும் பழக வேண்டும். வானத்தில் இருந்து தரையோடு ரேடியோவில் பேசுவது ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் அஞ்ச வேண்டாம். தினமும் கொஞ்சம் பேசிப் பழகினால் வந்துவிடும்.

வானிலை, வழி அறிதல், விமானச் சட்டம், விமானத்தின் இயக்கம் ஆகியவற்றில் தேர்வு உண்டு. கொண்டல் காற்றையும் ஐப்பசி, கார்த்திகைப் புயலையும் பார்த்து வளர்ந்த கடற்கரைப் பிள்ளைகளுக்கு வானிலைப் பாடம் அந்நியமாக இராது.

முதலில் உடம்பு, பிறகு பணம்

இதுதான் முக்கியம். பலர் முதலில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். இது தலைகீழ்.

விமானிக்கு இரண்டு மருத்துவப் பரிசோதனைகள் உண்டு. முதலில் இரண்டாம் வகுப்பு. அடுத்து, அதைவிடக் கடுமையான முதல் வகுப்பு. விமானப் போக்குவரத்துத் துறை அங்கீகரித்த டாக்டர்களிடமே இவற்றைச் செய்ய வேண்டும். கண், காது, இருதயம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பயம் இல்லை. கண்ணாடியால் பார்வை சரியானால் போதும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாவிட்டால்தான் சிக்கல். பரிசோதனைச் செலவு சில ஆயிரம் ரூபாய். பயிற்சிச் செலவோ பல லட்சம்! இரண்டு பரிசோதனைகளிலும் தேறிய பிறகே பள்ளிக்குப் பணம் கட்டுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட, வர்த்தக விமானி உரிமம் வேண்டும். அதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் விமானம் ஓட்டியிருக்க வேண்டும். இதற்குச் சுமார் அரைக் கோடி ரூபாய் ஆகும். பெரிய விமானம் ஓட்ட, அந்த ரகத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற வேண்டும். அதற்கு மேலும் பல லட்சம் தேவை.

உரிமம் கையில் வந்தாலும் வேலை உடனே கிடைக்கும் என்று உறுதி இல்லை. கடன் வட்டியோ காத்திருக்காது. ஆகவே, ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். இருக்கிற ஒரே வயலையும் வீட்டையும் அடகு வைக்காதீர்கள்.

உத்தரப்பிரதேசம் பர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு நடத்தி மாணவர்களைச் சேர்க்கிறார்கள். எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும், "எத்தனை விமானம் ஓடும் நிலையில் இருக்கிறது? 200 மணி நேரம் முடிக்க உண்மையில் எத்தனை மாதம் ஆகிறது?" என்று கேளுங்கள். அங்கே படித்து முடித்தவர்களிடமும் விசாரியுங்கள்.

காசில்லாத வழி

பணம் இல்லையா? விமானப்படை இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு ஆண்டுக்கு 2 முறை நடக்கிறது. பிளஸ் 2 படிக்கும்போதே எழுதலாம். 2021 நவம்பர் தேர்வு முதல் பெண்களும் எழுதுகிறார்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு படிப்பு. பிறகு விமானப்படைப் பயிற்சி. கட்டணத்தை அரசே ஏற்கிறது. போட்டி கடுமைதான், ஆனால் வயல் தப்பும்.

பிள்ளையின் ஆசையைச் சிரித்து ஒதுக்காதீர்கள். அதற்காகக் குடும்பத்தைக் கடனில் தள்ளவும் வேண்டாம். படிப்பு, உடம்பு, விசாரணை, கடைசியில் பணம். இந்த வரிசை தவறாவிட்டால், கோவில்பத்துப் பிள்ளையும் ஒருநாள் விமானம் ஓட்டலாம்!